கைதட்டல் வரும் இடம்: பயோபிக் இயக்குநருக்கு ஒரு கையேடு

கதை சிக்கிவிட்டது. மாற்றுத்திறனாளி ஒருவர், ஏழைக் குடும்பம், கடைசியில் பதக்கமோ கம்பெனியோ. தயாரிப்பாளரிடம் ஒன்லைன் சொன்னீர்கள், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஹீரோ யாரு?" என்று கேட்டார். சம்பந்தப்பட்டவரிடம் இன்னும் பேசவில்லையா? நல்லது. அதற்கு ஆறாம் படியில் இடம் ஒதுக்கியிருக்கிறேன். இப்போதைக்கு வரிசையாக வாருங்கள்.

1. நடக்க முடியாதவர் வேடத்துக்கு நன்றாக ஓடுபவரைப் பிடியுங்கள். விருது மேடைக்கு அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறும்போதுதான், எப்பேர்ப்பட்ட நடிப்பு என்று ஜனங்களுக்கு உறைக்கும். வழி காட்டியவர் டேனியல் டே-லூயிஸ். 1989இல் வந்த 'மை லெஃப்ட் ஃபுட்' படப்பிடிப்பில் சக்கர நாற்காலியை விட்டு இறங்க மறுத்தார். யூனிட் ஆட்கள் அவருக்கு ஊட்டிவிட்டார்கள், கேபிள்களுக்கு மேலே தூக்கிச் சென்றார்கள். ஆஸ்கர் கிடைத்தது. படத்தின் நாயகர் டப்ளின்காரரான கிறிஸ்டி பிரவுன், இடது காலால் எழுதி, இடது காலால் ஓவியம் தீட்டியவர். நடிகருக்கோ வலது கால்தான் சொன்ன பேச்சைக் கேட்டது. அதனால் பல காட்சிகளைக் கண்ணாடியில் தெரியும் பிம்பமாக எடுத்தார்கள். நீங்கள் பார்த்து உருகிய இடது கால் பாதி நேரம் வலது கால்! ஒரு நிலைக்கண்ணாடியோடு முடிகிற வேலைக்கு, இடது காலால் நிஜமாகவே எழுதுகிற ஒருவரைத் தேடி ஏன் அலைய வேண்டும்?

'ரே' படத்தில் ஜேமி ஃபாக்ஸ் கண்மேல் செயற்கை இமைகளை ஒட்டிக்கொண்டு, பார்வை தெரியாமலே நடித்தார். அவருக்கும் ஆஸ்கர். பேக்கப் சொன்னதும் கழற்றிவிடலாம் என்பது இந்த முறையின் தனிச்சிறப்பு.

2. கெட்ட உதாரணங்களை டிஸ்கஷன் அறைக்குள் விடாதீர்கள். 1981இல் தமிழ்நாட்டில் நடந்த விபத்துக்குப் பிறகு வலது காலை இழந்து, ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு மறுபடி பரதம் ஆடினார் சுதா சந்திரன். சிங்கீதம் சீனிவாச ராவ் அந்தக் கதையை 'மயூரி' என்று படமாக்கியபோது, நாயகியாக அவரையே நடிக்க வைத்துவிட்டார். தேசிய விருது நடுவர் குழுவின் சிறப்பு விருதும் அவருக்குப் போனது. டூப் செலவு மிச்சம்தான். ஆனால் எல்லாரும் இப்படிக் கிளம்பினால், ஆறு மாதம் நொண்டிப் பழகிய நம் ஹீரோ எந்த மேடையில் ஏறி அழுவார்?

அமெரிக்காவில் இந்த வியாதி முன்பே தலைகாட்டியது. ராணுவத்தில் இரு கைகளையும் இழந்த ஹெரால்டு ரஸ்ஸல், 1946இல் வந்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' படத்தில் கைகளை இழந்த வீரராகவே நடித்தார். போட்டியில் எங்கே ஜெயிக்கப்போகிறார் என்று அகாடமி அவருக்கு ஒரு சிறப்பு ஆஸ்கரை எடுத்து வைத்தது. மனிதர் போட்டியிலும் ஜெயித்து, ஒரே வேடத்துக்கு இரண்டு ஆஸ்கரோடு வீடு போனார். இப்படியெல்லாம் சங்கடப்படுத்துவார்கள், ஜாக்கிரதை.

3. ஹீரோவின் உடம்பைக் காட்டுங்கள். முரளிகாந்த் பேட்கர் 1965 போரில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அது. அவரைப் பற்றிய 'சந்து சாம்பியன்' (2024) படத்தின் முதல் போஸ்டரில் கார்த்திக் ஆர்யன் கோவணத்தோடு பாய்ந்து ஓடுகிறார். உடற்கொழுப்பை 39 சதவீதத்திலிருந்து 7 சதவீதத்துக்கு இறக்கிய கதையைப் பேட்டிக்குப் பேட்டி கேட்டோம். தங்கத்துக்கும் பத்மஸ்ரீக்கும் நடுவே பேட்கர் காத்திருந்தது 46 வருடம். அந்த எண்ணைப் போஸ்டரில் போட்டால் விசில் வராது. 39, 7 போதும்.

4. வில்லனுக்கு முகம் கொடுங்கள். இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஆந்திரத்தின் ஸ்ரீகாந்த் பொல்லா பிறவியிலேயே பார்வையில்லாதவர். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தும் பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு மறுக்கப்பட்டது. காரணம், விதி. வழக்குப் போட்டு ஜெயித்துப் படித்தார். ஐஐடி பயிற்சி மையம் கதவைச் சாத்த, அமெரிக்காவின் எம்ஐடி சேர்த்துக்கொண்டது. இதை நீங்கள் எடுப்பதானால், அந்த விதியை எழுதியது யார், எந்த ஃபைலில் இருந்தது, எத்தனை பிள்ளைகள் வழக்குப் போட வழியில்லாமல் வேறு பிரிவுக்குப் போனார்கள் என்று கிளறாதீர்கள். கொடுமீசை வைத்த ஒரு ஆசிரியரை நிறுத்தி, "உன்னால முடியாதுடா" என்று சொல்ல வையுங்கள். இடைவேளையில் அவர் தலைகுனியட்டும். சுற்றறிக்கை வில்லனாகிவிட்டால் கதை கந்தல். படம் முடிந்த பிறகும் அது அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஸ்ரீகாந்த் நடத்தும் தொழிற்சாலையில் மாற்றுத்திறனாளிகள் பலர் வேலை செய்கிறார்கள். உங்கள் படத்தில் அப்படிப்பட்டவர்களைப் பின்வரிசையில் நிறுத்திக் கைதட்ட வையுங்கள். பெயர் வைக்காதீர்கள், வசனம் கொடுக்காதீர்கள். ஒருவர்தான் அபூர்வம், நாற்பது பேர் என்றால் சங்கம்.

5. அன்றாடத்தைத் தவிர்க்கவும். ஹீரோ மூன்று மணி நேரமும் கழிவறைப் பக்கம் போகக்கூடாது. படுக்கைப் புண், சிறுநீர்ப் பை, தூக்கி உட்காரவைக்கும் ஆளுக்கு மாதச் சம்பளம் எதுவும் வேண்டாம், அம்மா இருக்கிறாரே! காதல் வரலாம், ஆனால் தியாகம் செய்துவிட வேண்டும். ஷோனாலி போஸின் 'மார்கரீட்டா வித் எ ஸ்ட்ரா'வில் பெருமூளை வாதம் உள்ள பெண் ஆசைப்படுகிறாள், பொய் சொல்கிறாள், துரோகமும் செய்கிறாள். நம்மவர் தெய்வம். தெய்வத்துக்குக் கோபம்கூட பின்னணி இசையோடுதான் வரும்.

6. இப்போது சம்பந்தப்பட்டவரைக் கூப்பிடுங்கள். மாற்றுத்திறனாளிகளைப் படம் எடுப்பவர்கள் அவர்களையே கலந்து பேச வேண்டும் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கலந்து பேசியதற்குச் சாட்சி வேண்டும். ஆடியோ லாஞ்சுக்கு அழையுங்கள். மேடைக்குச் சாய்தளம் வைத்துக் காரியத்தைக் கெடுக்காதீர்கள். எட்டுப் படி இருக்கட்டும். நான்கு பவுன்சர்கள் நாற்காலியோடு தூக்கட்டும், ஹீரோ ஓடிவந்து ஒரு பக்கம் பிடிக்கட்டும். மறுநாள் பேப்பரில் அந்தப் படம்தான் வரும். மைக் கொடுத்தால் ஓய்வூதியம், பேருந்து என்று ஆரம்பித்துவிடுவார். சால்வையைச் சட்டென்று போர்த்துங்கள்.

7. தியேட்டர். பார்வையற்றவருக்கு ஒலி விவரணை, காது கேளாதவருக்கு எழுத்து என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. டிஐ, மிக்சிங், சென்சார் என்று நீங்கள் ஓடும் ஓட்டத்தில் மறந்துவிடும். கவலை வேண்டாம், எல்லாருக்கும் மறக்கிறது. சக்கர நாற்காலிக்கு முதல் வரிசை ஓரம். அண்ணாந்து பார்த்தால் தன் வாழ்க்கை அவருக்கே பிரம்மாண்டமாகத் தெரியும்.

8. இவ்வளவும் சிரமமாகத் தோன்றினால் போஸ்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற சில மாதங்களில், 2017 புத்தாண்டன்று ஐஸ்வர்யா தனுஷ் இயக்குவதாக இருந்த படத்தின் ஃபர்ஸ்ட் லுக்கை ஷாருக்கானே வெளியிட்டார். படம் இன்னும் திரைக்கு வரவில்லை. மாரியப்பன் காத்திருக்கவில்லை, டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். உயிரோடு இருப்பவரைப் பற்றிப் படமெடுப்பதில் இதுதான் தலைவலி, கிளைமாக்ஸைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். 2028இல் லாஸ் ஏஞ்சலஸ் வேறு வருகிறது. கடைசி சீனை பென்சிலில் எழுதி வையுங்கள்.