ஊமை லேப்டாப்பின் கச்சேரி

1990-களின் தொடக்கத்தில் வந்த பல லேப்டாப்களில் சவுண்ட் கார்டு கிடையாது. நாம் தப்பு செய்தால் 'பீப்' என்று அதட்ட ஒரு பொடி ஸ்பீக்கர் மட்டும் உண்டு. அதையும் விடாமல், நொடிக்குப் பல்லாயிரம் முறை அணைத்து அணைத்துப் போட்டுப் பாட வைத்தார்கள். டப்பாவுக்குள் மாட்டிய கொசு மாதிரி பாடியது. விண்டோஸ் 3.1-க்கு மைக்ரோசாஃப்ட் இதற்கென்றே ஒரு டிரைவர் தந்தது. சத்தம் ஓயும்வரை மவுஸ்கூட அசையாது. அவ்வளவு சங்கீத பக்தி!

இன்னும் நல்ல சத்தம் தேடியவர்கள் பிரின்டர் போர்ட்டில், அங்கே வரும் தரவை ஒலியாக்கும் கோவாக்ஸ் என்ற குட்டிக் கருவியைச் செருகினார்கள். கைவேலைக்காரர்கள் சில்லறை ரெசிஸ்டர்களைப் பற்றவைத்து அதையே வீட்டில் செய்துகொண்டார்கள். ஒரே தொல்லை, மறந்துபோய் பிரின்ட் கொடுத்தால் லீவ் லெட்டர் ஸ்பீக்கரில் கரகரக்கும். மேனேஜருக்கு அது எந்த ராகமாகக் கேட்டதோ!