8600எம் ஜிடிக்கு ஒரு வாழ்த்து

வாழ்க 8600எம் ஜிடி என்னும் கிராபிக்ஸ் சிப்பே! 2007-இல் என்விடியா உன்னைப் பெற்றெடுத்து மடிக்கணினிகளுக்கு அனுப்பிவைத்தது. நீயும் உன் உடன்பிறப்புகளும் ஹெச்பி, டெல், ஆப்பிள் என்று பெரிய வீடுகளாகப் பார்த்துக் குடியேறினீர்கள். உன் பெருமைகளில் முதலில் சொல்ல வேண்டியது, பழியைப் பிறர்மேல் இறக்கிவைக்கும் திறமை. நீ ஒருத்தி செத்துக்கொண்டிருக்க, உன்னைச் சுற்றியுள்ள அத்தனை பேரையும் விசாரணைக்கு இழுத்தாயே, அந்தத் திறமை வேறு எந்த சிப்புக்கு உண்டு?

பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், விண்டோஸ் சின்னம் வரும். அதற்குமேல் ஒன்றும் வராது. மவுஸ் அசையாது, கேப்ஸ் லாக்கைத் தட்டினால் அதன் விளக்கும் மாறாது. அணைத்துவிட்டு சேஃப் மோடில் திறந்தால் எல்லாம் சரியாக இருக்கும். சேஃப் மோடில் விண்டோஸ் உன் டிரைவரைத் தொடுவதில்லை. படம் காட்ட மிக எளிய டிரைவர் ஒன்றை வைத்துச் சமாளிக்கும். வேலை வாங்காதவரை நீ தங்கம். அதைக் கண்டவர்கள் சிப் நன்றாக இருக்கிறது, டிரைவர்தான் கோளாறு என்றார்கள். பழைய டிரைவரைத் தூக்கிவிட்டுப் புதியதை ஏற்றினார்கள். புதியது உன்னை எழுப்பிய அதே நொடியில் திரை மறுபடி உறைந்தது.

அடுத்து விண்டோஸின் முறை. ஃபார்மட் அடித்தார்கள். பேக்கப் எடுக்காதவர்களின் கல்யாணப் படங்களும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் உன் கௌரவத்துக்காகப் போயின. பிறகு ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தார்கள். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினார்கள். உன் குடும்பத்து சிப்செட் இருந்த சில ஹெச்பி மாடல்களில் வைஃபை காணாமல் போகும். அதற்கென்று தனியாக வைஃபை கார்டு வாங்கினார்கள். இந்த ஒவ்வொரு முயற்சியின் போதும் இயந்திரம் கொஞ்ச நேரம் திறந்து கிடந்து ஆறும். ஆறியதும் சில சமயம் நீ ஒரு தடவை ஒழுங்காக எழுந்துகொள்வாய். கடைசியாக எதைத் தொட்டார்களோ அதுதான் குற்றவாளி என்று முடிவாகிவிடும். அந்த ஒரு தடவை எழுந்துகொள்ளும் கருணைக்காகவே உனக்குத் தனி வாழ்த்து. மெக்கானிக் கூலி வாங்கிக்கொண்டு போவதற்கு அந்த அவகாசம் போதும்.

நீ முழுப் பொய்க்காரி என்று சொல்ல மாட்டேன். எந்த டிரைவரும் ஏறாத பயாஸ் திரையிலேயே செங்குத்தாகக் கோடுகள் போட்டுக் காட்டினாய். இன்றைக்கும் ஒரு கணினி தொடக்கத்திலேயே உறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். கோடு பயாஸிலேயே இருந்தால், விண்டோஸை எத்தனை தடவை மாற்றி ஏற்றினாலும் பயனில்லை. மேசைக் கணினி என்றால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, மதர்போர்டிலேயே படம் காட்டும் வசதி இருந்தால் மானிட்டரை அதில் செருகிப் பார்க்கலாம். அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். நீயோ பல மடிக்கணினிகளில் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டவள். அங்கே உன்னைக் கழற்றிப் பார்க்கிற உரிமையை யாருக்கும் கொடுக்காத கற்புக்கரசி.

உன் உடம்புக்குள் நடந்ததும் புகழத் தக்கதே. சிலிக்கான் சூடேறினால் கொஞ்சம்தான் விரியும். அது உட்கார்ந்திருக்கும் பலகை, அதாவது உன் பொதியின் அடித்தளம், அதைவிடப் பல மடங்கு விரியும். இரண்டையும் பிணைத்திருப்பவை மிக நுண்ணிய ஈயப்பற்றுப் புள்ளிகள். இழுபறியை அவை தனியாகத் தாங்கக் கூடாது என்பதற்காக இடையில் ஒரு பசை ஊற்றப்பட்டிருக்கும். பொருத்தமில்லாத பசையானால் சூட்டில் இளகி, தாங்க வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிடும். சுமை முழுவதும் புள்ளிகள்மேல் விழும். கணினியைப் போடும்போது ஒரு இழுப்பு, அணைக்கும்போது இன்னொரு இழுப்பு. ஒரு நாள் ஒரு புள்ளி விரிசல் விடும். வெளியே எதுவும் தெரியாது. அழுக்கில்லை, கருகல் இல்லை, வாசனைகூட இல்லை.

உன்னைப் பெற்றவர்களைப் பாடாமல் விட்டால் வாழ்த்து நிறைவடையாது. 2008 ஜூலையில் என்விடியா அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் ஓர் அறிக்கை கொடுத்தது. முந்தைய தலைமுறை மடிக்கணினி சிப்கள் சிலவற்றில் சிப்பும் அதன் பொதியும் சேர்ந்த பொருள்கள் பலவீனமானவை, அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குகிறோம் என்றது. எந்தெந்த சிப் என்று பெயர் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்காத மனம் அது! பெயர்ப் பட்டியல் ஒன்றை அன்றைக்கே வெளியிட்டிருந்தால், உலகெங்கும் ராமைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அன்று மாலையே ரப்பரைக் கீழே வைத்திருப்பார்கள்.

அதே அறிக்கை காரணங்களையும் அடுக்கியது. பலவீனமான பொருள், மடிக்கணினிக்குள் சூட்டை வெளியேற்றும் அமைப்பு, மூன்றாவதாக வாடிக்கையாளர் பயன்படுத்தும் விதம். காசு கொடுத்து வாங்கியவன் காலையில் கணினியைப் போட்டான், இரவில் அணைத்தான். இவ்வளவு பெரிய வினையில் அவனுக்கும் பங்கு உண்டு என்று கண்டுபிடித்து மறக்காமல் எழுதிவைத்த நீதியுணர்வை நான் மனதார மெச்சுகிறேன்.

மருந்தும் அவர்களே கொடுத்தார்கள். கணினி போட்ட உடனேயே ஃபேனைச் சுற்றவைக்கும் டிரைவர். டெல் தன் பங்குக்குப் பயாஸை மாற்றி ஃபேனை அதிகம் ஓடவிட்டது. இளகும் பசை இளகும் பசையாகவே இருந்தது, புள்ளிகளும் அதே புள்ளிகள்தான். காற்று மட்டும் கூடுதலாக வந்தது. சாவைத் தடுக்காமல் தள்ளிப்போட்ட அந்தக் காற்றுக்கு இரண்டு கையெடுத்துக் கும்பிடுகிறேன். வாரண்டி முடியும் தேதியை நோக்கி எத்தனையோ கணினிகளை அது பத்திரமாக நடத்திச் சென்றது.

ஆப்பிளிடம் சொன்ன வார்த்தை இன்னும் அழகு. இந்தச் சிக்கல் மேக் கணினிகளுக்கு இல்லை என்று என்விடியா உறுதி கொடுத்திருந்தது. ஆப்பிள் தானே விசாரித்துப் பார்த்துவிட்டு, 8600எம் ஜிடி உள்ள சில மேக்புக் ப்ரோக்களுக்கும் இருக்கலாம் என்று 2008 அக்டோபரில் அறிவித்தது. பிள்ளையின் குணத்துக்குத் தாய் கொடுக்கும் நற்சான்று எவ்வளவு தூரம் செல்லும் என்று அன்றைக்கு ஊருக்குத் தெரிந்தது.

நம்மூரில் உன்னை வாழவைத்தவர்கள் சிப் லெவல் சர்வீஸ் கடைக்காரர்கள். அவர்களின் வைத்தியம்: ஹீட் கன்னால் சுடுவது, அல்லது உன்னைப் பெயர்த்து அடியிலுள்ள உருண்டைகளை மாற்றும் ரீபாலிங். வெளிநாடுகளில் மதர்போர்டை வீட்டு அவனில் வைத்துச் சுட்டவர்களும் உண்டு. மாற்றப்பட்டவை பொதிக்கும் மதர்போர்டுக்கும் இடையிலுள்ள உருண்டைகள். விரிசலோ அதற்கும் மேலே, உன் உடலுக்குள். ஆனாலும் சுட்ட சூட்டில் உள்விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ள, நீ எழுந்து உட்கார்ந்து ஒளிர்வாய். சில வாரங்களில் மறுபடி உறைவாய். ஒரே நோய்க்கு இரண்டு முறை கூலி வாங்கிக்கொடுக்கும் தாராளம் உன்னுடையது.

வாங்கியவர்கள் என்விடியாமேல் கலிபோர்னியா நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 2010-இல் சமரசத்தில் முடிந்தது. டெல், ஆப்பிள் கணினி வைத்திருந்தவர்களுக்குப் பழுதுபார்ப்பு. ஹெச்பிகாரர்களில் பலருக்கு விலை மலிவான காம்பாக் மடிக்கணினி ஒன்று மாற்றாக வந்தது. அதிக விலை கொடுத்து வாங்கியவர்கள் இதுவா ஈடு என்று கொதித்தார்கள். அவர்களாவது கொதிக்க முடிந்தது. சமரசம் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டும். சென்னையிலோ மதுரையிலோ மாதத் தவணையில் உன்னை வாங்கியவன் அந்தப் பட்டியலில் இல்லை. பழுதுக்கான காரணங்களின் பட்டியலில், அந்த மூன்றாவது வரியில், அவன் இருந்தான்.