கூரையைப் பிரித்த நாலு பேர்

கே: இரட்சிப்பு விசுவாசத்தினால்தான், கிரியையினால் அல்ல என்று பவுல் சொல்லிவிட்டாரே. பிறகு நற்கிரியை எதற்கு?
(வாசகர், நாசரேத்)

ப: எபேசியர் 2-ஆம் அதிகாரத்தில் 8, 9 வசனங்களுக்கு அடிக்கோடு போட்டிருப்பீர்கள். பென்சிலைக் கீழே வைக்குமுன் 10-ஐயும் வாசியுங்கள். நன்மை செய்யவே நாம் உண்டாக்கப்பட்டோம் என்று அதே பவுல், அதே மூச்சில் சொல்கிறார். வீட்டுக்குப் பிள்ளையாவதற்காக எந்தப் பெண்ணும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போவதில்லை. அந்த வீட்டுப் பிள்ளை என்பதால் போகிறாள்.

கே: யாக்கோபு நிருபத்தை லூத்தர் வைக்கோல் என்றாராமே?
(வாசகர், தரங்கம்பாடி)

ப: 1522-இல் வந்த ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் அப்படித்தான் எழுதினார். பின்னால் வந்த பதிப்புகளில் அது இல்லை. விசுவாசத்தால் நன்மை செய்யாமல் சும்மா இருக்கவே முடியாது என்று ரோமர் நிருப முன்னுரையில் எழுதியவரும் அவரேதான். உங்கள் ஊரே அதற்குச் சாட்சி! லூத்தரன் போதகரான பிராங்கே, ஜெர்மனியின் ஹாலே நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கினார். ஹாலேயில் படித்த சீகன்பால்க் 1706-இல் உங்கள் கடற்கரையில் இறங்கினார். பிரசங்கத்தோடு நிற்காமல் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வைத்தார்.

கே: அடுத்த மதத்தவருக்கும் உதவ வேண்டுமா?
(வாசகர், மார்த்தாண்டம்)

ப: நல்ல சமாரியன் கதையில், அடிபட்டுக் கிடந்தவன் எந்தக் குலம் என்று இயேசு சொல்லவே இல்லை. உதவியவனின் குலத்தைத்தான் சொன்னார்.

கே: உபவாசம் இருந்து ஊருக்காக ஜெபிக்கிறோம். அது போதாதா?
(வாசகி, வேலூர்)

ப: ஜெபியுங்கள் அம்மா, நிறுத்தாதீர்கள். ஆனால் பதில் உங்கள் பெயருக்கே வரலாம், அதற்கும் ஆயத்தமாக இருங்கள். 1890-களில், நோயுற்ற தாயைக் கவனிக்க அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தார் ஐடா ஸ்கடர். மிஷனரியாகும் எண்ணமே அவருக்கு இல்லை. ஓர் இரவு, பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவிக்காக உதவி கேட்டு ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்தார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அந்த இரவெல்லாம் தூங்காமல் ஜெபித்த ஐடாவுக்குக் கிடைத்த பதில், "நீ போய்ப் படி" என்பதுதான். 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் உங்கள் ஊரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி. நீங்கள் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற சி.எம்.சி. மருத்துவமனை அப்படி வளர்ந்ததுதான்.

கே: கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா?
(வாசகர், தூத்துக்குடி)

ப: கூடாது. பவுலின் உடன் ஊழியரான லூக்காவே வைத்தியர்தான்.

கே: என் சம்பளத்தில் மாதக் கடைசியை எட்டுவதே பெரும்பாடு. நான் என்ன தர்மம் செய்ய?
(வாசகி, சாயர்புரம்)

ப: எங்கள் ஆச்சி உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை உங்கள் பக்கமும் உண்டே! சோறு மிஞ்சினால் தருவதல்ல அது. குடும்பத்துக்கு அளந்து வைத்ததிலிருந்தே எடுப்பது. "பத்தாமப் போனா?" என்று நான் கேட்டால், "கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்பாள். வாசலில் வந்து நிற்பவரிடம் இதையே சொல்லிக் கதவைச் சாத்துகிறவர்களும் இருக்கிறார்கள். தன் பானையைப் பார்த்துச் சொன்னாள் பாருங்கள், அதற்குப் பெயர்தான் விசுவாசம்.

கே: உதவி செய்வதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடலாமா? நாலு பேருக்குத் தூண்டுதலாக இருக்குமே.
(இளைஞர், மதுரை)

ப: வேண்டாம் தம்பி. வாங்கியவரின் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுடைய தோழிகள் கையிலும் போன் இருக்கிறது.

கே: கணவர் இறந்து ஏழு மாதமாகிறது. முழங்காலில் நின்றால் ஜெபம் வரவில்லை. என் விசுவாசம் செத்துவிட்டதா?
(வாசகி, ஊர் பெயர் வேண்டாம்)

ப: இல்லை அம்மா. கப்பர்நகூமில் ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் படுக்கையோடு சுமந்து வந்தார்கள். கூட்டம் வழிவிடவில்லை, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று எழுதியிருக்கிறது. அந்த நாலு பேர் ஒரு வார்த்தை பேசியதாகவோ ஜெபித்ததாகவோ மாற்கு எழுதவில்லை. அவர்கள் கை செய்ததைத்தான் இயேசு விசுவாசமாகக் கண்டார். படுத்திருந்தவனிடம், ஜெபம் பண்ணினாயா என்று கேட்கவும் இல்லை.

நீங்கள் இப்போது படுக்கையில் இருப்பவர். சும்மா இருங்கள், அழுகை வந்தால் அழுங்கள். சுமக்க வேண்டியது உங்கள் சபையார். ஊர் பெயர் வேண்டாம் என்றீர்கள்; அதனால் எல்லா ஊர்ச் சபையாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலம் போங்கள். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் பேச வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய், கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.