கப்பலும் மின்ரயிலும்

இல்லறம் முடித்தவர் காடேகும் நிலைக்கு வானப்பிரஸ்தம் என்று பெயர். புனேயை அடுத்த தளேகாவில் அதன் இக்கால வடிவம், 55 வயதைக் கடந்தவர்களுக்கென்றே கட்டப்பட்டு, காட்டில் எவரும் கேட்டிராத மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்துடன் விற்கப்படும் அடுக்ககமாகும். இதற்கு மாற்றாக, உதவியாளருடன் கூடிய முதியோர் இல்லத்துக்கு ஆகும் செலவிலேயே உல்லாசக் கப்பலில் குடியிருக்கலாம் என லீ லிண்ட்குவிஸ்ட், ராபர்ட் கோலப் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 2004-இல் ஆய்விதழ் ஒன்றில் கணக்கிட்டுக் காட்டினர். கடலற்ற தளேகாவ்வாசிக்கு அதே தர்க்கம் புனே–லோணாவளா மின்ரயிலைக் கைகாட்டுகிறது: மாதச் சீட்டு மலிவு, மின்விசிறி உண்டு, பேச்சுத்துணை நிலையத்துக்கு நிலையம் மாறும், மகனுடைய தொலைக்காட்சித் தொடர்களும் அங்கு வாரா. பெட்டியில் கழிவறை இல்லை என்பது மட்டுமே குறை. எழுபது வயதில் அது சிறு குறையன்று. கழிவறை உள்ள தொலைதூர ரயிலுக்கு மாறலாமெனில், 60 கடந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும் 58 கடந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் தரப்பட்டுவந்த கட்டணச் சலுகை, முதியோர் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்னும் அக்கறையால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கொரோனா தணிந்த பின்னும் ரயில்வேயின் அக்கறை தணியவில்லை.