எம்8 போல்ட்டின் குலமும் கோத்திரமும்

புனேயில் ஹிஞ்சவடி ஐ.டி. பூங்காவுக்கும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்சாலைகளுக்கும் இடையில் கிடக்கும் வாகட், இந்த ஆய்வுக்கென்றே அமைந்த களம். இரும்பை அறுப்பவர்கள் ஒருபக்கம், அறுத்த இரும்புக்குக் கணினியில் பேர் வைப்பவர்கள் மறுபக்கம். பூம்கர் சௌக் நெரிசலில் சிக்கிக்கொள்ளும்போது மட்டும் இருவரும் ஓரினம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள்: பாகங்களின் விவரங்களைப் பதிந்து வைக்கும் விண்ட்சில், டீம்சென்டர் போன்ற மென்பொருள்களில் உதிரிபாகங்களை எத்தனை வகையாகப் பிரிக்கலாம்?

முன்னோர் செய்ததை முதலில் பார்ப்பது மரபு. தொல்காப்பியர் உயர்திணை, அஃறிணை என்று இரண்டே வகையில் உலகத்தை அடக்கினார். உயிர்களை அறிவின் கணக்கில் ஆறாகப் பிரித்தபோதும், மிச்சத்தைத் தள்ள ‘இதர’ என்று ஏழாவதாக ஒன்று வைக்கவில்லை. பிறகு சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது, 1933-ல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு நூலை ஒரே கிளையில் தொங்கவிடாமல் பொருள், செயல், இடம், காலம் என்று பல முகங்களில் விவரிக்கும் முறை அது. உதிரிபாகத்துக்கும் வேண்டியது இதுதான். நம்மவர்களோ கிளைமேல் கிளையாக ஒட்டுகிறார்கள்.

எம்8 போல்ட்டை எடுத்துக்கொள்வோம். மரை இடைவெளி 1.25 மி.மீ.; 12-13 ஸ்பேனரில் 13 பக்கம் பிடிக்கும். தண்டில் ஒரு பகுதிக்கு மட்டும் மரை என்றால் ஐ.எஸ்.ஓ. 4014, முழுக்க மரை என்றால் 4017. இந்தச் சாதுவுக்குக் கணினிக்குள் வாய்க்கும் அவதாரங்கள்: ‘ஃபாஸ்ட்னர்’, ‘ஸ்டாண்டர்ட் பார்ட்’, ‘வாங்கும் பொருள்’, ‘போல்ட்_புதியது’, ‘போல்ட்_பயன்படுத்தாதே’. எல்லோரும் பயன்படுத்துவது கடைசியதைத்தான்.

இதிலிருந்து பெறப்படும் கோட்பாடு: வகைப் பட்டியலைப் பார்த்தால் பாகங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது, கம்பெனியில் எந்தத் துறை எந்தத் துறையோடு பேசுவதில்லை என்பது நன்றாகத் தெரியும்.

பாகத்தின் நடத்தை மாறினால்தான் தனி வகை கொடுக்க வேண்டும். எண் போடும் முறை, ஒப்புதல் போகும் வழி, கட்டாயம் நிரப்பவேண்டிய விவரங்கள் இவை வேறுபட வேண்டும். நீளம், உலோகம், முலாம் எல்லாம் வெறும் பண்புகள். ‘செய்வது’, ‘வாங்குவது’ என்று வகை வைப்பதுதான் மகா ஆபத்து. இன்று பிம்ப்ரியில் நாமே கடையும் புஷ், அடுத்த வருஷம் சாக்கனில் ஒரு வெண்டரிடம் போய்விடும். டிராயிங்கில் ஒரு கோடு மாறியிருக்காது. ஆனால் ஒப்புதலான பாகத்தின் வகையை மாற்றுவது பட்டா மாற்றுவது மாதிரி. நடக்கும், நாம் பார்க்க நடக்குமா என்பதுதான் சந்தேகம்.

கிரீஸ் தனி வகைக்குத் தகுதியானது. அது எண்ணிக்கையில் வராது, கிராமில் வரும். பொருள்பட்டியலில் ‘தேவையான அளவு’ என்று போட்டுவிட்டுக் கைகழுவுவார்கள். டிசைன்காரர்கள் வரைய முடியாததைப் பாகம் என்று ஒப்புவதில்லை. கொள்முதலுக்கோ பில் வந்தால் அது பாகம்.

மிச்சமிருப்பது பம்ப்பில் ஒட்டும் எச்சரிக்கை ஸ்டிக்கர். அச்சிடும் வாசகம் ஆவணம், பசை தடவிய தாள் பாகம். இரண்டையும் தனித்தனியே பதிந்து இணைப்பதே முறை. இதைப் பேசக் கூடிய கூட்டத்தில், பொஹா தட்டுகள் காலியாகி கட்டிங் சாய் வந்த பிறகும், முழுக்கவே ஆவணம்தான் என்று அடம்பிடித்த டிசைனரிடம் கொள்முதல்காரர் பவ்யமாகக் கேட்டார்: “அப்போ பி.டி.எஃப்.பையே பம்ப்ல ஒட்டி அனுப்பிடலாமா சார்?”