வரப்பைத் தாண்டி மருந்தடிப்பது எப்படி?

தொண்டாமுத்தூர்ப் பக்கம் வரப்புக்கு மரியாதை அதிகம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மண்வெட்டியால் அரை அடி செதுக்கிவிட்டால் போதும், சர்வேயரைக் கூட்டிவந்து அளந்து, கோயமுத்தூர் கோர்ட்டில் மூன்று தலைமுறைக்குக் கேஸ் நடத்துவோம். அதே வரப்பைத் தாண்டி நம் களைக்கொல்லி அடுத்தவர் பந்தலுக்குப் போனால் மட்டும் யாரும் சங்கிலி பிடித்து அளப்பதில்லை. இவ்வளவு நல்ல வசதியை நம்மவர்கள் அரைகுறையாகத்தான் பயன்படுத்துகிறார்கள். முழுமையாகப் பயன்படுத்த விரும்புவோருக்காக இந்தக் கையேடு.

தேவையான பொருள்கள்

2,4-டி களைக்கொல்லி. எல்லா மருந்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்பிரேயர். ஆடி மாதக் காற்று. உங்களுக்குக் கிழக்கே ஒரு பன்னீர் திராட்சைப் பந்தல். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கிணறு அல்லது வாய்க்கால். கையுறை, கண்ணாடி, பூட்ஸ் தேவையில்லை. பழைய லுங்கி போதும்.

1. மருந்தைத் தேர்ந்தெடுத்தல்

வேளாண் பல்கலைக்கழகம் 1971 முதல் கோயமுத்தூரில்தான் இருக்கிறது. பஸ் ஏறிப் போய் விசாரித்துவிட்டு வந்துவிடலாம். ஆகவே அங்கே போகாதீர்கள். நேராக மருந்துக் கடைக்குப் போங்கள்.

"ஏனுங்க, சோளக்காட்டுல ஒரே களைங்க. என்னத்தீங்க அடிக்கறது?"

"டூ ஃபோர் டி கொண்டுபோங்கண்ணா. சோளத்துக்கு ஒண்ணும் பண்ணாது. அகல இலையெல்லாம் சுருண்டுக்கும்."

கடைக்காரர் சொல்வது உண்மை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவாகி, 1940களின் நடுவில் சந்தைக்கு வந்த மருந்து இது. கார்பன் வளையம் ஒன்றில் இரண்டாம் இடத்திலும் நான்காம் இடத்திலும் குளோரின் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். செடியின் சொந்த வளர்ச்சி ஹார்மோனான ஆக்சினைப் போல வேஷம் போட்டு உள்ளே போய், "வளர், இன்னும் வளர்" என்று விரட்டும். செடி கண்டபடி முறுக்கி வளர்ந்தே சாகும். சோளம், மக்காச்சோளம், நெல், கரும்பு போன்ற புல் இனங்கள் தப்பித்துக்கொள்ளும்.

இதில் சோடியம் உப்பு, அமைன் உப்பு, எத்தில் எஸ்டர் என்று வகைகள் உண்டு. நம் நோக்கத்துக்கு எஸ்டரே உத்தமம். அது எளிதில் ஆவியாகும். நீங்கள் அடித்து முடித்து, குளித்து, சாப்பிட்டுத் திண்ணையில் சாய்ந்த பிறகும், வெயில் ஏற ஏற இலையிலிருந்து கிளம்பித் தன் பயணத்தைத் தொடரும்.

2. நேரம் குறித்தல்

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் மருந்துத் துளிக்கு என்ன? பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இருந்து வரும் காற்று, உங்கள் மருந்தை வாங்கிக் கிழக்கே கொண்டுபோய்க் கொடுக்கும். கூலி கேட்காது. நாசிலைச் சன்னமாகத் திருகி, பிரஷரை ஏற்றி, புகை மாதிரி அடியுங்கள். துளி எவ்வளவு பொடியோ அவ்வளவு தூரம் போகும். பெரிய துளி அங்கேயே விழுந்து தொலையும்.

காற்றே இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். இலை அசையாத விடிகாலையிலும் வழி உண்டு. அப்போது தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதன்மேல் சூடான காற்றும் மூடிபோட்டதுபோல் நிற்கும். பொடித் துளிகள் மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் மிதந்து, மெல்லப் பக்கவாட்டில் நகரும். காற்று வீசினால் மருந்து போன திசையாவது தெரியும். இதில் எங்கே போனதென்று உங்களுக்கே தெரியாது. சாட்சியில்லாத வேலை.

3. அளவு போடுதல்

போர்த் தண்ணியின் உப்பு நமக்குப் பழக்கம். எஸ்டர் கிடைக்காமல் 2,4-டியின் உப்பு வகையை வாங்கியிருந்தால், அந்தத் தண்ணியில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் மருந்தைப் பிடித்துக்கொண்டு அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். நல்ல தண்ணீரில் கலக்கலாமே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். டேங்குக்கு ரெண்டு மூடி கூட ஊற்றுங்கள். லேபிளில் எழுதியிருப்பது, மூடியால் அளக்கத் தெரியாதவர்களுக்கு.

கலக்கும்போது இந்த உப்பு வகை கண்ணில் தெறித்தால் கருவிழியைப் புண்ணாக்கும். முண்டாசுத் துணியால் துடைத்துக்கொண்டு தொடருங்கள்.

4. களையை அடையாளம் காணுதல்

பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை, சாரணை: எல்லாமே அகல இலை, எல்லாமே களை. களை வெட்ட வந்த அம்மிணிகள் சாயங்காலம் மடியில் கட்டிக்கொண்டுபோய்க் கடைந்து சாப்பிட்டவை இவை. இனிக் கீரையைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அருகம்புல் மட்டும் அசையாமல் நிற்கும். அதுவும் புல் இனம் அல்லவா? கீரையின் போட்டி ஒழிந்ததால் முன்னைவிடச் செழிப்பாகப் படரும். அதற்கு வேறு மருந்து இருக்கிறது. கடை எங்கேயும் போய்விடாது.

5. பலனைக் கண்டு களித்தல்

நாலைந்து நாளில் கிழக்கே போய்ப் பாருங்கள். உலகத்தில் 2,4-டிக்கு மிக லேசில் மயங்கும் பயிர்களின் பட்டியலில் திராட்சை, தக்காளி, பருத்தி மூன்றும் முன்வரிசையில் நிற்கின்றன. மூன்றுமே கோயமுத்தூருக்குப் பேர் வாங்கித் தந்தவை. களையைக் கொல்லத் தேவையான அளவில் துளியூண்டு போதும். திராட்சைக் கொழுந்து சிறுத்து, நரம்பெல்லாம் நெருங்கி, விசிறி மடித்ததுபோல் ஆகும். தக்காளி இலை குறுகிக் கயிறாக முறுக்கும்.

பக்கத்துத் தோட்டத்து மாமா அதைப் பார்த்துவிட்டு, "வைரஸ் வந்திருச்சாட்ட இருக்குதுங்க" என்பார். வெள்ளை ஈதான் பரப்பியது என்று முடிவுகட்டி, நீங்கள் வாங்கிய அதே கடைக்குப் போய்ப் பூச்சி மருந்து வாங்கி அடிப்பார். ஒரு பாட்டிலுக்கு இரண்டு பில். இந்தக் கையேட்டில் உறுதியான லாபம் சொல்லக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

6. ஸ்பிரேயர் கழுவுதல்

வாய்க்காலில் கழுவுங்கள். நொய்யல் தண்ணீர் சித்திரைச்சாவடி அணைக்கட்டில் திரும்பி, வாய்க்கால் வழியாக நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி என்று குளம் குளமாகப் போகிறது. நகரத்துக்காரர்களுக்கும் பங்கு போகட்டும். குடிநீரில் 2,4-டி லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிராம் சுமார் 33,000 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தும். ஸ்பிரேயரின் அடியில் தங்கும் கசடில் அதைவிட அதிகம் இருக்கலாம்.

பேருக்கு ஒருமுறை அலசிய அதே ஸ்பிரேயரில் மறுநாள் உங்கள் தக்காளிக்குப் பூச்சி மருந்து அடியுங்கள். டியூபிலும் வாஷரிலும் ஒட்டியிருப்பதே வேலையை முடித்துவிடும். இப்போது உங்கள் தோட்டத்திலும் வைரஸ்.

7. மீந்ததைப் பத்திரப்படுத்துதல்

பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி, தோட்டத்துச் சாளைக்குள் குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். இந்த விஷத்துக்கென்று தனியாக முறிமருந்து கிடையாது என்பதை மட்டும் வீட்டில் யாருக்கும் சொல்லாதீர்கள். மருந்தடித்த புல்லில் புரண்டுவிட்டுக் காலை நக்கும் தோட்டத்து நாயையும் கண்டுகொள்ள வேண்டாம். மனிதச் சிறுநீரகம் இதைச் சில நாளில் வெளியே தள்ளிவிடும். நாயின் உடம்புக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு.

அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்கள்

இது டிடிடி மாதிரி வருஷக் கணக்கில் கிடக்குமா?

கிடக்காது. ஈரமும் உயிரும் உள்ள மண்ணில் நுண்ணுயிர்களே தின்றுவிடும். ஒரு வாரம் பத்து நாளில் பாதி காணாமல் போகும். உடம்புக் கொழுப்பிலும் சேராது. ஆனால் மண் இதை இறுக்கிப் பிடித்துக்கொள்வதில்லை, மழை பெய்தால் தண்ணீரோடு இறங்கிவிடும். காற்றோட்டமில்லாத கிணற்றுச் சேற்றுக்குப் போய்விட்டால் அங்கே தின்ன ஆள் குறைவு, நெடுநாள் தங்கும். ஆயுசு குறைவுதான், கால்தான் நீளம்.

வியட்நாமில் கொட்டினது இதுதானுங்களா?

அந்த ஏஜென்ட் ஆரஞ்சில் பாதி இது. மறுபாதியான 2,4,5-டியில் கலந்திருந்த டையாக்சின்தான் பெரிய கொடுமைக்குக் காரணம். பழியைச் சரியான ஆள்மீது போடுவது நல்லது.

புற்றுநோய் வருமா?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் இதை "வரவழைக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்தது. உறுதி என்றும் சொல்லவில்லை, கவலையில்லை என்றும் சொல்லவில்லை. லுங்கியோடு அடிப்பவர் எந்தப் பக்கம் பந்தயம் கட்டுகிறார் என்பது தெரிந்ததே.

தடை செய்துவிட்டார்களாமே?

2020 மே மாதம் மத்திய அரசு 27 மருந்துகளைத் தடைசெய்ய வரைவு ஆணை வெளியிட்டது. அதில் இதன் பெயரும் இருந்தது. வரைவு வேறு, தடை வேறு. கடையில் கேட்டுப் பாருங்கள், கொடுப்பார்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை

இந்தக் கையேட்டை ஐப்பசிக்கு முன் பத்திரமாக மறைத்துவிடுங்கள். ஆடியில் மேற்கே இருந்து அடித்த காற்று அப்போது திரும்பிக் கிழக்கே இருந்து வரும். திராட்சை போன வெறுப்பில் பக்கத்துத் தோட்டத்து மாமா பந்தலைப் பிரித்துவிட்டு மக்காச்சோளம் போட்டிருக்கிறார். காலையில்தான் மருந்துக் கடையில் பார்த்தேன்.

"ஏனுங்க மாமா, களை அதிகங்களா?" என்றேன்.

"ஆமாங்க கண்ணு" என்றார். "உங்க தக்காளி எப்படி இருக்குது?"