மூன்று கருப்பசாமிகளும் ஒரு இன்சூரன்ஸ் தம்பியும்

காப்பீட்டுக் கம்பெனியில் அவர் 'தரவு மேலாண்மைப் பகுப்பாய்வாளர்'. கோவில்பட்டிப் பக்கம் 'இன்சூரன்ஸ் தம்பி' என்றால்தான் தெரியும். பாலிசி எடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று பாதிப் பேர் அவரைக் கண்டதும் தெரு மாறுவார்கள். பாவம், அவர் விற்கிறவர் இல்லை. விற்ற பாலிசியில் பெயரும் கணக்கு எண்ணும் சரிதானா என்று பார்க்கிறவர்.

2016இல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தது. புரட்டாசியில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைத்த கையோடு, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகலுடன் சம்சாரிகள் வரிசையில் நிற்பார்கள். ராபிப் பருவத்து உளுந்துக்குக் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் கட்டினால் போதும். மீதிப் பிரீமியம் அரசுகளின் பாடு.

பெயரில்தான் தகராறு. ஆதாரில் கருப்பசாமி, வங்கியில் கருப்பசுவாமி, அடங்கலில் கருப்பச்சாமி. சிட்டாவோ செத்துப்போன தாத்தா பெயரில். கரிசலில் மழை பொய்த்தாலும் நட்டம், கொட்டினாலும் நட்டம். இழப்பீடு மட்டும் ஒரு 'ச்'சில் மாட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒற்றைத் துரட்டியை எடுக்கத்தான் தம்பிக்குச் சம்பளம்.

2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்தபோது, 'எத்தனை ஐஎஃப்எஸ்சி மாறப்போகுதோ!' என்று சோறு இறங்காமல் இருந்தார். அதே மாதம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. "மிட்டாய்க்கு ஒரே பேரு, ஒரே ஊருன்னு ஆகிப்போச்சு. மனுஷனுக்கு ஆகலையே!" என்று பெருமூச்சு விட்டார்.

படித்த பிள்ளை என்று ஒரு கல்யாணத்தில் மொய் எழுத உட்கார்த்தினார்கள். "மாரியப்பன், நூத்தி ஒண்ணு."

"எந்த மாரியப்பன் மாமா? அப்பா பேரு? ஆதார்ல எப்படி இருக்கு?"

வரிசை பந்தலைத் தாண்டியது. பெரியவர் ஒருவர் நோட்டைப் பிடுங்கினார். "டெய்லர் மாரியப்பன் நூத்தி ஒண்ணு. மிலிட்டரி மாரியப்பன் ஐநூறு. கெடாமீசை மாரியப்பன் இருநூறு. அடுத்த ஆளு வாய்யா!" பத்தே நிமிஷத்தில் பந்தி பக்கம் கூட்டம் நகர்ந்துவிட்டது.

தம்பி அசந்துபோனார். திங்கட்கிழமையே, விண்ணப்பத்தில் 'பட்டப்பெயர்' என்றொரு கட்டம் சேர்க்கலாம் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். 'சான்றளிப்பவர் யார்? முழு விவரம் தேவை' என்று பதில் வந்தது.

பெரியவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். "பொறந்த தேதி சொல்லுங்க, பெரியய்யா."

"எது வேணும்யா? நெசத்துல பொறந்ததா, ஆதார்ல பொறந்ததா?"